ரீஜென்ட் பார்க்: பாதிக்கு மேல் படிப்பை விட்ட பேட்டையில் பிள்ளைகள் பள்ளியில் தங்கியது எப்படி?

டொராண்டோ நகர மையத்துக்குச் சற்றுக் கிழக்கே, 69 ஏக்கரில் அரசு வாடகைக் குடியிருப்பாக எழுந்தது ரீஜென்ட் பார்க். 1940-களின் கடைசியில் கட்டத் தொடங்கினார்கள். கனடாவிலேயே மிகப் பழைய, மிகப் பெரிய பொதுக் குடியிருப்பு என்ற பெயர் அதற்கு இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து சேர்ந்த புலம்பெயர் குடும்பங்கள் அங்கே அதிகம், வருமானம் குறைவு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி எடுத்த கணக்கில், அந்தப் பேட்டையிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் 100-க்கு 56 பேர் படிப்பை முடிக்காமலே நின்றிருந்தார்கள். அதே காலத்தில் நகரின் சராசரி 29.

இந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கியது ஒரு மருத்துவ நிலையம் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ரீஜென்ட் பார்க் சமூக சுகாதார மையத்தின் இயக்குநராக இருந்தவர் கரோலின் ஆக்கர். இந்தப் பேட்டையில் வளரும் பிள்ளைகளே நாளை இங்கே டாக்டராக, நர்ஸாக, சமூகப் பணியாளராக, நிர்வாகியாக உட்கார வேண்டும் என்பது அந்த மையம் வைத்துக்கொண்ட இலக்கு. அந்த இலக்குக்குக் குறுக்கே நின்ற முதல் தடை, பத்தாவதோ பதினொன்றாவதோ தாண்டாமல் படிப்பு நின்றுபோவது. அந்தத் தடையை நீக்க ஒரு திட்டத்தை வடிவமைத்தவர் நார்மன் ரோவன். பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் பேசி, 2001-இல் 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களோடு தொடங்கினார்கள். ‘பாத்வேஸ் டு எஜுகேஷன்’ என்று பெயர்.

இளையோர் படிப்பில் நிலைத்து நிற்க அன்பான பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும் என்று எல்லா ஊரிலும் சொல்லக் கேட்கிறோம். ரீஜென்ட் பார்க் காட்டுவது அதைவிடக் கறாரான ஒன்று. அங்கே அந்தப் பெரியவருக்குச் சம்பளம் இருந்தது, மாணவர் பட்டியல் இருந்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற கெடு இருந்தது, கையில் கொடுக்கச் சில உதவிகளும் இருந்தன. இவை நான்கும் சேர்ந்தபோதுதான் உறவு வேலை செய்தது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 8-ஆம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி; 9 முதல் 12 வரை உயர்நிலைப் பள்ளி. தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும். ஆசிரியருக்குப் பிள்ளையின் அக்காவையும் தெரியும், அம்மாவையும் தெரியும். ரீஜென்ட் பார்க்குக்குள் உயர்நிலைப் பள்ளி எதுவும் கிடையாது. 14 வயதில் பிள்ளைகள் நகரின் பல பள்ளிகளுக்குச் சிதறிப் போனார்கள். பஸ்ஸிலோ ஸ்ட்ரீட்காரிலோதான் போக வேண்டும். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர். பிள்ளை முதல் பீரியடுக்கு வரவில்லை என்றால் அது ஒரு பதிவேட்டில் ஏறும். வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

கணக்கும் கறாரானது. பள்ளியை முடித்து டிப்ளமோ வாங்க 30 கிரெடிட் வேண்டும்; ஒரு பாடம் தேறினால் பொதுவாக ஒரு கிரெடிட். அவற்றோடு 40 மணி நேரச் சமூக சேவை, ஓர் எழுத்தறிவுத் தேர்வு. வழக்கமாக 9-ஆம் வகுப்பில் 8 கிரெடிட். அதில் இரண்டு போய்விட்டால் 10-ஆம் வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே கணக்குப் பாடத்தில் உட்கார வேண்டும். அந்த வெட்கத்தில் அதையும் கட் அடிப்பான். போதாததற்கு 1999-இல் பாடத்திட்டத்தை மாற்றி, ஐந்தாண்டுப் படிப்பை நான்காண்டாகச் சுருக்கியிருந்தார்கள். பின்தங்கினால் எட்டிப் பிடிக்க அவகாசம் குறைவு.

படிப்பை விடுவது ஒரு நாளில் எடுக்கிற முடிவு இல்லை. தாமதம், பிறகு முதல் பீரியடு மட்டும் இல்லை, பிறகு வாரத்தில் ஒரு நாள் இல்லை, பிறகு ஒரு பாடம் ஃபெயில், பிறகு “இந்தப் பள்ளிக்கூடம் எனக்குச் சரிப்படாது.” ஒவ்வொரு படியும் சிறியது என்பதால் யார் கண்ணிலும் படாது. வீட்டில் அப்பா இரவு ஷிஃப்ட், அம்மா விடியற்காலை வேலை. பள்ளியிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில். அக்டோபரில் பிடித்திருக்க வேண்டிய பிரச்சினை, குடும்பத்துக்குத் தெரியும்போது பிப்ரவரி ஆகியிருக்கும்.

ஆகவே திட்டம் நடத்தியவர்கள் முதலில் தேடியது அக்டோபரிலேயே பார்த்துவிடக்கூடிய ஒரு ஆளை.

ஆளும் பட்டியலும்

மாணவர்–பெற்றோர் ஆதரவுப் பணியாளர் என்பது அந்தப் பதவி. ஏறக்குறைய 50 மாணவருக்கு ஒருவர், முழுநேர வேலை. பள்ளிக்கும் வீட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பவர். ஆசிரியர் இல்லை, ஆலோசகரும் இல்லை. ஆனால் வருகைப் பதிவையும் ரிப்போர்ட் கார்டையும் பார்க்க அவருக்கு அனுமதி உண்டு. திட்டத்தில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். மேலே சொன்ன அனுமதியும் அதோடு வருகிறது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பணியாளர் பிள்ளையின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியதுதான். “எல்லாம் நல்லாப் போகுது” என்பது எந்தப் பதினாலு வயதுப் பிள்ளையும் சொல்கிற பதில்.

50 என்ற எண்ணைப் போட்டுப் பார்த்தால் வேலையின் உருவம் புரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 25 சந்திப்பு, நாளுக்கு 5. மீதி நேரத்தில் பெற்றோரிடம் போன், பள்ளிக்கு நேரில் போவது, வராத பிள்ளைகளைத் தேடுவது, குறிப்பு எழுதுவது. 50 பேரில் எப்போதும் எட்டுப் பத்துப் பேருக்கு அவசரம் இருக்கும். பட்டியல் 80 ஆனால் நாளுக்கு 8 சந்திப்பு; தேடிப் போகிற நேரம்தான் முதலில் காணாமல் போகும். பிறகு அலுவலகத்துக்கு வருகிற பிள்ளைகளை மட்டும் பார்க்கிற நிலை வரும். வருகிற பிள்ளைகள் ஏற்கெனவே பாதி தேறியவர்கள்.

இதே மாதிரி ஓர் அமைப்பை வேறு ஊரில் எழுப்ப நினைப்பவர்களுக்கு, ஒரு சந்திப்பு எப்படிப் போக வேண்டும் என்று சற்று விரிவாகச் சொல்லலாம். பதினைந்து இருபது நிமிடம் போதும். பிள்ளை வருவதற்கு முன்பே அந்த இரண்டு வார வருகைப் பதிவைப் பணியாளர் பார்த்திருக்க வேண்டும். “ஸ்கூல் எப்படிப் போகுது?” என்று ஆரம்பித்தால் பதில் ஒரு வார்த்தையில் முடியும். “செவ்வாய்க்கிழமை ரெண்டு வாரமா முதல் பீரியடு இல்லியே, என்ன ஆச்சு?” என்று கேட்டால் விஷயம் வரும்: தம்பியை டேகேரில் விட வேண்டியிருக்கிறது, அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் மாறிவிட்டது. இப்போது தீர்க்க ஒரு பிரச்சினை கையில் இருக்கிறது. அம்மாவிடம் பேசலாம், பக்கத்து வீட்டாரை ஏற்பாடு செய்யலாம், பள்ளியில் சொல்லிக் கால அட்டவணையை மாற்றிக் கேட்கலாம். சந்திப்பு முடியும்போது அடுத்த இரண்டு வாரத்துக்குள் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்று, பணியாளர் செய்ய வேண்டியது ஒன்று, இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். பணியாளர் தன் பங்கைச் செய்யாமல் விட்டால் அந்த உறவு அங்கேயே நொறுங்கும்; அந்த வயதில் பெரியவர்களின் வாக்கை அவ்வளவு கூர்மையாகக் கணக்கு வைப்பார்கள்.

பெற்றோருக்கு முதல் போன் நல்ல செய்தியோடு போக வேண்டும். பள்ளியிலிருந்து போன் வந்தாலே வம்பு என்று பழகிப்போன வீடுகள் அவை. “உங்க மகன் இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு போடலம்மா” என்று ஒரு போன் செப்டம்பரில் போயிருந்தால், நவம்பரில் கெட்ட செய்தி சொல்லும் போனையும் அந்த அம்மா எடுப்பார்.

கையில் கொடுக்க என்ன இருந்தது?

உறவுக்குத் துணையாக மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று டியூஷன்: பேட்டைக்குள்ளேயே, வாரத்தில் நான்கு மாலை வரை, தன்னார்வலர்களைக் கொண்டு. மதிப்பெண் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே போனால் வருவது கட்டாயம். அடுத்தது குழு வழிகாட்டல்: 9, 10 வகுப்புகளில் தன்னார்வலர்களோடு சேர்ந்து விளையாட்டு, சமையல், வெளியே போவது போன்றவை, மேல் வகுப்புகளில் வேலை, கல்லூரி பற்றிய வழிகாட்டல். இந்தப் பகுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக நடந்தால் பிள்ளைகளுக்குப் பேட்டைக்கு வெளியே நான்கு பேர் தெரியவருவார்கள்.

மூன்றாவது பணம். பஸ் டிக்கெட், மதிய உணவுக் கூப்பன், அதோடு திட்டத்தில் இருக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் வீதம் 4,000 டாலர் வரை சேரும் ஒரு நிதி. இந்த நிதி பள்ளியை முடித்து மேற்படிப்புக்குப் போனால்தான் கிடைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 4,000 டாலரைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எங்கள் கணிப்பில் பஸ் டிக்கெட்தான் முக்கியம். 14 வயதுப் பிள்ளைக்கு நான்கு வருடம் கழித்து வரும் பணம் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. டிக்கெட் நாளைக் காலைக்கு வேண்டும். அந்த டிக்கெட் பள்ளி வருகையோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை வாங்க ஆதரவுப் பணியாளரிடம் வந்தாக வேண்டும். பார்க்க மனமில்லாத வாரத்திலும் பிள்ளை வருவான். வந்தால் பேச்சு நடக்கும். சந்திப்புக்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்கு பிள்ளைக்கு அவமானம் தராததாக இருக்க வேண்டும். டிக்கெட் இரண்டுக்கும் பொருந்தியது.

ஒரு விதியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திட்டத்தில் சேரத் தகுதி முகவரி மட்டுமே. ரீஜென்ட் பார்க்கில் குடியிருந்து 9-ஆம் வகுப்பில் சேர்கிறாயா, நீயும் உண்டு. முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணும் உண்டு, போலீஸ் ஏற்கெனவே பெயர் தெரிந்துவைத்திருக்கிற பையனும் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை சேர்ந்துகொண்டன. ‘ஆபத்தில் இருக்கும் மாணவர்’ என்று பொறுக்கியெடுத்த திட்டங்களில் பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து வருவார்கள். இங்கே போகாதவனைத்தான் நண்பர்கள் விசாரித்தார்கள்.

பலன்

திட்டமே வெளியிட்ட கணக்கின்படி முதல் சில ஆண்டு மாணவரிடையே இடைநிற்றல் 56-இலிருந்து 10-ஐ ஒட்டி இறங்கியது. இந்த எண்ணைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் ஒண்டாரியோ முழுவதுமே பள்ளி முடிப்போர் விகிதம் ஏறிக்கொண்டிருந்தது. 2006-இல் கட்டாயக் கல்வி வயதையும் 18-ஆக உயர்த்தினார்கள். 2005 முதல் ரீஜென்ட் பார்க்கையே இடித்துக் கட்டும் வேலையும் தொடங்கி, குடும்பங்கள் இடம் மாறின. திட்டம் இல்லாமலே எவ்வளவு ஏறியிருக்கும் என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கழித்தலைச் செய்தவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஃபிலிப் ஓரியோபோலஸும் அவருடைய சக ஆய்வாளர்களும். டொராண்டோவின் மற்றப் பொதுக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளோடு, திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல், தகுதியுள்ள எல்லாரையும் எண்ணினார்கள். ஆர்வமுள்ளவர்கள்தான் சேர்ந்தார்கள் என்ற ஆட்சேபணைக்கு இதில் இடமில்லை. அப்படிப் பார்த்தும் பள்ளி முடிப்பவர், மேற்படிப்பில் சேர்பவர் விகிதங்கள் கணிசமாக உயர்ந்திருந்தன. சில அளவுகளில் உயர்வு 50 சதவீதத்துக்கும் மேல். 2007-இல் ரெக்ஸ்டேல், லாரன்ஸ் ஹைட்ஸ் என்ற இரண்டு டொராண்டோ பேட்டைகளுக்கும் திட்டம் விரிந்தது. அந்த ஆய்வில் அவையும் சேர்ந்தன.

அதே பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு வரிக் கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது ஆண்டு வருமானம் 19 சதவீதம், வேலையில் இருப்போர் 14 சதவீதம் உயர்ந்திருந்தது. அரசு உதவித்தொகையில் வாழ்வோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தார்கள். பிற்பாடு குற்றப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ரீஜென்ட் பார்க்கில் திட்டத்துக்குத் தகுதி பெற்றவர்கள்மீது வழக்குப் பதிவாகும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்காகத் தொடங்கிய ஒன்று இவ்வளவு தூரம் போய்ச் சேர்வது அபூர்வம்.

உறவு மட்டும் என்றால்?

இந்தக் கேள்விக்குப் பதில் அமெரிக்காவில் கிடைக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-இல் உருவான ‘செக் அண்ட் கனெக்ட்’ திட்டம் வழிகாட்டியை மையமாகக் கொண்டது. வராத நாள், தாமதம், சஸ்பென்ஷன், மதிப்பெண் ஆகியவற்றை அவர் தொடர்ந்து பார்ப்பார். குறைந்தது இரண்டு ஆண்டு அதே பிள்ளையோடு இருப்பார். பள்ளி மாறினாலும் கூடவே போவார். கற்றல் குறைபாடோ நடத்தைச் சிக்கலோ உள்ள மாணவரிடம் முதலில் சோதித்தபோது 9-ஆம் வகுப்பு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 9 சதவீதமும், இல்லாதவர்களில் 30 சதவீதமும் படிப்பை விட்டிருந்தார்கள். இன்னொரு சோதனையில் நான்காம் ஆண்டு முடிவில் இருந்தவர்களில் 39 சதவீதம், இல்லாதவர்களில் 58 சதவீதம்.

சிகாகோவில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பெரிய அளவில் நடத்தியபோது படம் மாறியது. 5 முதல் 7 வரையிலான வகுப்பினர் பள்ளிக்கு வராத நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 4 குறைந்தன, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 1 முதல் 4 வரையிலானவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. மதிப்பெண்ணிலும் தேர்விலும் யாரிடமும் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. இது எங்களுக்கு வியப்பளிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டில் இருக்கிறது: நோய், வீடு மாறுதல், அழைத்துவர ஆள் இல்லாமை. பன்னிரண்டு வயதில்தான் பிள்ளையின் சொந்த முடிவு ஆரம்பிக்கிறது. அங்கேதான் ஒரு பெரியவரின் பேச்சு எடுபடும். ஆனால் பின்னம் தெரியாத பிள்ளையை வகுப்பறையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் மட்டும் பின்னம் வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வாரம் இரண்டு மாலையாவது யாராவது வேண்டும். ரீஜென்ட் பார்க்கில் அது இருந்தது.

எங்கே கெட்டுப்போகும்?

முதலாவதும் மோசமானதும் ஆள் மாறுவது. இளையோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தன்னார்வப் பெரியவரைத் துணையாக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் 10 முதல் 16 வயது வரையான 1,138 இளையோரை வைத்து ஆராய்ந்தபோது, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகள்தான் அதிகப் பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது. அரைகுறையாகத் தொடங்கி விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது என்று சொல்ல இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். ஆகவே பணியாளரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கக் கூடாது. விலகுகிறவர் குறைந்தது ஒரு மாதம் புதியவரோடு சேர்ந்து சந்திப்புகளில் உட்கார வேண்டும். பிள்ளையிடம் அதை நேரில் சொல்ல வேண்டும். மெசேஜில் சொல்வது அவமதிப்பு.

அடுத்தது, பள்ளிக்கும் திட்டத்துக்கும் இடையே வருகிற உரசல். வெளியாள் வந்து பதிவேட்டைக் கேட்டால் ஆசிரியருக்குக் கோபம் வருவது இயல்பு. பணியாளர் பிள்ளைக்காக மட்டும் வாதாடுகிறவராகத் தெரிந்தால் பள்ளிக் கதவு மூடிக்கொள்ளும். ஆசிரியருக்குத் தெரியாத வீட்டு நிலவரத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு கொண்டுபோய்ச் சொல்கிறவர் என்று தெரிந்தால் ஆசிரியரே கூப்பிட ஆரம்பிப்பார். பள்ளிகள் பலவாகச் சிதறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியையும் ஒரு பணியாளர் பெயருக்கு ஒதுக்குவது நல்லது.

நிபந்தனைகளைத் தண்டனையாக மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. வருகை குறைந்த பிள்ளைக்கு டிக்கெட்டை நிறுத்தினால் அவன் இன்னும் குறைவாகத்தான் வருவான். விதி இருக்க வேண்டும். ஆனால் விதியை மீறியவன் முதலில் சந்திக்க வேண்டியது ஒரு மனிதரை, மறுப்பு நோட்டீஸை இல்லை. தன்னார்வலர் டியூஷனிலும் ஒரு சிக்கல் வழக்கமாக வரும்: தொடக்கத்தில் கூட்டம், பரீட்சைக் காலத்தில் ஆள் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அதே வாரத்தில்தான் பரீட்சை. வேலையில் இருப்பவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் பாதிக்குப் பாதி கலந்து எடுத்தால் டிசம்பரிலும் ஏப்ரலிலும் மேசை காலியாக இருக்காது.

மொழி தெரிந்த ஆள் தேவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் அடர்ந்து வாழும், டொராண்டோவின் ஸ்கார்பரோ போன்ற இடங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. தமிழ் பேசுகிற பணியாளர் என்றால் அம்மாவுக்கு நிம்மதி, பிள்ளைக்குப் பயம், “இவங்க கோயில்ல எங்க அம்மாவப் பாப்பாங்களே.” எது பெற்றோரிடம் போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் கட்டாயம் சொல்வேன், மற்றபடி உன் சம்மதமில்லாமல் சொல்ல மாட்டேன் என்ற அளவில்.

செலவு

இது மலிவான திட்டம் இல்லை. ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனம் 2007-இல் போட்ட கணக்கில், செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் சமூகத்துக்கு 25 டாலர் திரும்புகிறது என்று வந்தது.  ஒட்டாவா, கிச்னர், மாண்ட்ரியாலின் வெர்டன் என்று திட்டம் பரவியது. இருபது முப்பது ஆண்டு வருமானத்தை ஊகித்துப் போட்ட கணக்கு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள நாங்கள் சொல்ல மாட்டோம். வரிப் பதிவில் தெரிந்த 19 சதவீதம் போதும்.

பணம் குறையும்போது நிர்வாகங்கள் முதலில் கை வைப்பது பணியாளர் எண்ணிக்கையில்தான். சம்பளப் பட்டியலில் பெரிதாகத் தெரிவது அதுதானே. வெட்ட வேண்டிய வரிசை வேறு. சுற்றுலாவையும் வெளி நிகழ்ச்சிகளையும் முதலில் குறைக்கலாம். மேல் வகுப்பில் நன்றாகப் போகிறவர்களின் சந்திப்பை மாதம் ஒன்றாக்கலாம். கல்லூரி நிதிக்கு வேறு உதவித்தொகை தேடலாம். 9-ஆம் வகுப்புப் பட்டியலை மட்டும் 50-க்கு மேல் போகவிடக் கூடாது. அந்த வகுப்புக்கான பதிவையும் முந்தைய ஜூனிலேயே, பிள்ளைகள் 8-ஆம் வகுப்பு மேசையை விட்டு எழுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.